இருபத்து நான்காம் வாரம்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் பத்துப் பேரின் விவரத்தையும் கணினியில் ஏற்றி முடித்தாக வேண்டும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் அந்தக் கப்பல் கம்பெனி கதவைச் சாத்திவிடும். புதன்கிழமை பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் பெட்டி படுக்கையோடு போய் நின்றாலும் கப்பலில் ஏற்ற மாட்டார்கள்.

அதனால் நாலரை மணிக்கே என்னோ மாமாவின் சமையலறை மேசையின் ஒரு கோடியில், மடிக்கணினிக்கு முன்னால் ஓக்காவை உட்கார வைத்துவிட்டார்கள். அவளுக்குப் பதினாறு வயது. இந்த மாதிரி வேலையெல்லாம் அவளுக்குத்தான் வரும் என்று சங்கமே முடிவு கட்டியிருந்தது. வலது பக்கம் தோளோடு தோளாக அம்மா ஹில்கே. இடது பக்கம் சுவர். மேசையின் அந்தக் கோடியில் அக்கா வீப்கே, வீட்டுக்குள் வந்தும் தொளதொளத்த மழைக்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வெளியே போக வேண்டுமென்றால் நாலு பேர் நாற்காலியை இழுத்து வழிவிட வேண்டும்.

சங்கம் என்றால், வட ஜெர்மனியின் லேர் ஊரில் வியாழன்தோறும் மதுக்கடையின் பின்கட்டில் மரப்பந்தை உருட்டி ஒன்பது கட்டைகளைச் சாய்க்கிறவர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை தீவுக்குப் படகேறிப் போய், மீன் தின்று, குடித்துப் பாடிவிட்டு மறுநாள் தலைவலியோடு திரும்புவார்கள். இது இருபத்தைந்தாவது வருஷம் என்பதால் ஐஸ்லாந்துவரை, பதினாலு நாள். ஊரில் எல்லாரும் போய்வந்த கம்பெனியில்தான் முதலில் கேட்டார்கள். அங்கே ஓர் அறைகூட மிச்சமில்லை. சங்கத் தலைவரான என்னோ மாமா பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, யாரும் கேள்விப்படாத வேறொரு கம்பெனியைப் பிடித்தார்.

“பேரைப் பாத்தா பல்வலி மாத்திரை மாதிரி இருக்கு,” என்றார் ஹார்ம் கிழவர், காகிதத்தைக் கண்ணருகில் வைத்துக்கொண்டு. “கப்பல் மிதக்குமா என்னோ?”

“நீ ஏறாம இருந்தா மிதக்கும்.”

அந்தக் கம்பெனிக்கு என்று தனிச் சட்டங்கள் இருந்தன. தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கெட்டில் கொண்டுவரக் கூடாது. மெழுகுவத்தி கூடாது. அதைக் கேட்டதும் மேசையே கொதித்துவிட்டது. டீ ஜாடியின் அடியில் மெழுகுவத்தி அடுப்பு எரியாத வீடு அந்தப் பக்கத்தில் கிடையாது.

“அப்ப டீயை எப்படி சூடா வைக்கிறதாம்?” என்றார் என்னோ மாமா. “அக்குள்ல வெச்சா?”

“பையில போட்ட டீ தருவாங்களாம், நூல் கட்டி,” என்றாள் அவர் மனைவி கேஷே அத்தை.

“நூல் கட்டியா! எலியைப் பிடிச்ச மாதிரி! நான் ஜட்டிக்குள்ள சுத்தியாவது கெட்டிலைக் கொண்டு போவேன்.”

“பெரிய கெட்டில் வேணும், உங்க ஜட்டி அளவுக்கு,” என்றாள் அத்தை. மேசை அதிரச் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அம்மா இப்படித் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று ஓக்காவுக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரியில் இரவு வேலை, பகலில் தூக்கம் என்று இருந்தவள், ஒரு மாதமாகப் பனிமலைப் படங்களைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருந்தாள்.

ஓக்கா சிரிக்கவில்லை. அவள் கை பாஸ்போர்ட் அடுக்கின் மேல் இருந்தது. அக்காவின் பாஸ்போர்ட்டை மூன்று தடவை அடியில் தள்ளியிருந்தாள்.

ஒவ்வொருவருக்கும் அதே பக்கம், அதே கேள்விகள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படிப்பாள், அவரவர் பதில் சொல்வார்கள், ஓக்கா வட்டத்தில் தட்டுவாள்.

“காய்ச்சல் இருக்கா?”

“இல்ல,” என்றார் என்னோ மாமா.

“சக்கர நாற்காலி வேணுமா?”

“திரும்பி வரும்போது வேணும். குடிச்சிருப்பேன்ல.”

“பயணத்துல ஏதாவது ஒரு நாள், கர்ப்பம் இருபத்து நாலாவது வாரத்துல, இல்ல அதைத் தாண்டி இருக்குமா?”

என்னோ மாமா தன் தொந்தியைத் தட்டிக்கொண்டார். “முப்பது வருஷமா இருக்கு. வாரக் கணக்கு கேஷேகிட்டதான் கேக்கணும்.”

ஹார்ம் கிழவரிடம் அதே கேள்வி வந்தபோது, “இன்னும் டாக்டர்கிட்ட காட்டல,” என்றார். மறுபடி சிரிப்பு. ஒவ்வொரு ஆளுக்கும் அந்தக் கேள்வி வரும், ஒவ்வொரு ஆளும் ஒரு ஜோக் சொல்வார்கள். ஓக்கா அவசரமாக ‘இல்லை’ வட்டத்தைத் தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவாள். நிமிர்ந்து பார்த்தால் அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதனால் அவள் நிமிரவில்லை.

போன புதன்கிழமைதான் ஓக்காவுக்கு விஷயம் தெரியவந்தது. இரண்டு பேருக்கும் ஒரே படுக்கையறை. விளக்கை அணைத்த பிறகு வீப்கே அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளேயிருந்து ஏதோ தட்டியது. ஓக்கா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“யாருக்கும் தெரியாது,” என்றாள் வீப்கே. “அவனுக்குத் தெரியும். தெரிஞ்சதுலேர்ந்து போனை எடுக்கல.”

“அம்மாகிட்ட சொல்லு.”

“கப்பல்ல சொல்லுவேன்.”

“ஏன் கப்பல்ல?”

“வீட்ல சொன்னா என்ன நடக்கும்? அம்மா சாவியை எடுத்துக்கிட்டு வேலைக்குக் கிளம்பிடும். அப்புறம் ஒரு வாரம் பேச்சு இருக்காது. கப்பல்ல எங்க போகும்?”

அம்மா பத்தொன்பது வயதில் வீப்கேயைப் பெற்றவள். அதனால் நின்றுபோன படிப்பு, அதனால் வந்த இரவு வேலை எல்லாம் வீட்டில் அடிக்கடி காதில் விழும். ‘நீயாவது என்னை மாதிரி ஆகாத’ என்பதை அம்மா காலை வணக்கம் மாதிரிச் சொல்வாள். வீப்கேக்கு இப்போது இருபத்தொன்று. அவள் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தாள். கப்பல் ஏறும் அன்றைக்கு இருபத்திரண்டு வாரமும் ஐந்து நாளும். முதலில் கேட்ட கம்பெனியில் ஏறும் நாளைத்தான் பார்ப்பார்கள். டாக்டர் சீட்டு ஒன்று இருந்தால் போதும். அதையும் வாங்கிவைத்திருந்தாள்.

ஆனால் இந்தக் கம்பெனி இறங்கும் நாளையும் பார்த்தது; அன்றைக்கு இருபத்து நாலு வாரம் தாண்டிவிடும். வெள்ளிக்கிழமை, படிவத்தை முன்கூட்டிப் புரட்டியபோது ஓக்கா அதைக் கண்டுபிடித்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து அக்காவிடம் காட்டினாள்.

வீப்கே நாட்களை விரல்விட்டு எண்ணினாள். பிறகு, “இல்லைன்னு போடு,” என்றாள்.

“பொய்யா?”

“ஒரு வட்டம்டி. ஒரே ஒரு வட்டம். கோட்டுக்குள்ள எனக்கே தெரியல, அவங்களுக்கு எங்க தெரியப்போகுது?”

“கீழ என் பேருதானே போட்டிருக்கு?”

போட்டிருந்தது. என்னோ மாமாவுக்கு மின்னஞ்சல் கிடையாது என்பதால் குழுவின் பொறுப்பாளர் என்ற இடத்தில் ஓக்காவின் பெயரும் முகவரியும்தான் இருந்தன. ‘மேலே உள்ளவை அனைத்தும் உண்மை என்று உறுதியளிக்கிறேன்’ என்ற வரிக்குப் பக்கத்தில் அவள் பெயர்.

அதுகூடப் பரவாயில்லை. அன்றிரவு அக்கா தூங்கிய பிறகு அவள் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு படித்தாள். பரோயே தீவுகளைத் தாண்டினால் ஐஸ்லாந்துவரை முழுக்கக் கடல். கப்பலில் ஒரே ஒரு டாக்டர். அந்த வாரத்தில் பிறக்கிற குழந்தை எவ்வளவு எடை இருக்கும் என்று ஓர் இடத்தில் போட்டிருந்தது. அதற்குமேல் படிக்காமல் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள். சொன்னால் அக்கா அவளை மன்னிக்க மாட்டாள். சொல்லாவிட்டால், ஏதாவது ஆனால், அந்த வட்டத்தைத் தட்டியது அவள் விரல். இரண்டு ராத்திரியாக இந்த இரண்டுக்கும் நடுவே அவள் கண்ணை மூடாமல் கிடந்தாள்.

“அடுத்தது யாரு?” என்றாள் அம்மா இப்போது. “நம்ம ரெண்டு பேரும் ஆச்சு. வீப்கேயோடது எங்க?”

“கடைசில போட்டுக்கலாம்.”

“இதுதான் கடைசி.”

பாஸ்போர்ட் அம்மாவின் கைக்கு வந்துவிட்டது. ஐந்து நாற்பது. கேஷே அத்தை மூன்றாவது கோப்பை டீயை ஊற்றிக்கொண்டு வந்தாள். கோப்பை அடியில் போட்ட கற்கண்டு சூட்டில் நொறுங்கும் சத்தம் கேட்டது.

“காய்ச்சல்?”

“இல்ல,” என்றாள் வீப்கே.

“சக்கர நாற்காலி?”

“இல்ல.”

அம்மா அடுத்த கேள்வியை முழுசாகப் படிக்கக்கூட இல்லை. “கர்ப்பம், இல்ல. போடு.”

ஓக்கா அம்புக்குறியை நகர்த்தினாள். இரண்டு வட்டங்களுக்கும் நடுவே ஒரு விரல் அகலம்கூட இல்லை. மேசையின் கோடியில் வீப்கே மூச்சை இழுத்துப் பிடித்தாள். அது இங்கே கேட்டது.

“என்னடி, கை தூங்கிடுச்சா?” என்றாள் அம்மா.

ஓக்கா ‘ஆம்’ என்பதைத் தட்டினாள்.

பக்கம் ஒரு நொடி வெள்ளையாக நின்றது. பிறகு வீப்கேயின் பெயர் சாம்பல் நிறமாகி, அதன் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது: இந்தப் பயணி கப்பலில் ஏற அனுமதி இல்லை.

“ஏய், தப்பா அமுக்கிட்ட,” என்றாள் அம்மா. “திருப்பு, திருப்பு. மணியைப் பாரு.”

“தப்பா அமுக்கலம்மா.”

ஓக்காவின் குரல் அவளுக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது. ஹார்ம் கிழவர் ஏதோ ஜோக் சொல்ல வாயைத் திறந்தார். கேஷே அத்தை அவர் கையைப் பிடித்தாள்.

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். மேசையின் நீளம் முழுவதும் பார்த்தாள், மழைக்கோட்டைப் பார்த்தாள்.

“எத்தனை வாரம்?”

“இருபத்திரண்டு,” என்றாள் வீப்கே.

“மழை நின்னு ரெண்டு மணி நேரமாச்சு,” என்றாள் அம்மா. “அந்தக் கோட்டைக் கழட்டு.”

வீப்கே கழற்றவில்லை. அவள் ஓக்காவைத்தான் பார்த்தாள். “ஒரே ஒரு வட்டம்,” என்றாள். “அதுகூட உன்னால முடியல.”

“நடுக்கடல்ல வலி வந்தா என்ன பண்றது? ரெண்டு நாள் கரையே கிடையாதுக்கா. ஒரே ஒரு டாக்டர்…”

“நீ டாக்டரா?”

“உனக்குத் தெரியுமா?” அம்மா ஓக்கா பக்கம் திரும்பினாள். “எப்போலேர்ந்து?”

“புதன்கிழமைலேர்ந்து.”

“நாலு நாளா என் பக்கத்துல உக்காந்து சோறு தின்ன.”

அம்மா திரையைக் காட்டினாள். “என் பேரை எடுத்துரு.”

“ஹில்கே,” என்றாள் கேஷே அத்தை, “நிதானமா யோசி. நீ எவ்வளவு ஆசைப்பட்ட.”

“எடுத்துருன்னேன்.”

எடுத்தாள். உடனே இன்னொரு சிவப்பு வரி வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர் பெரியவர் ஒருவரோடு ஒரே அறையில் இருக்க வேண்டும். இப்போது ஓக்காவின் பெயரும் சாம்பலாகிவிட்டது.

“எங்க ரூம்ல படுத்துக்கட்டுமே,” என்றார் என்னோ மாமா. “குழந்தைக்கு என்ன இடம் வேணும்? இந்தா, மாத்திப் போடு, ஓக்காக்குட்டி.”

ஓக்காவுக்குத் திடீரென்று மூச்சு வந்தது. பதினாலு நாள். வேறு அறை, வேறு ஆட்கள். இந்த மேசையையும் இந்த இரண்டு முகங்களையும் விட்டு எங்கேயாவது போய்விடலாம். அவள் விரல்கள் அவசரமாக ஓடின. அறை எண் என்ற இடத்தில் தட்டினாள். திறக்கவில்லை. மறுபடி தட்டினாள். அறை மாற்றம் பயணத்துக்கு இருபத்தொரு நாளுக்கு முன்பே மூடப்பட்டது என்று எழுதியிருந்தது. போன் செய்து கேட்கலாம், திங்கள் முதல் வெள்ளிவரை.

“இன்னிக்கு ஞாயிறு,” என்றார் ஹார்ம் கிழவர் மெதுவாக.

ஐந்து ஐம்பத்தாறு.

“அப்ப ஏழு பேரு,” என்றார் என்னோ மாமா. சங்கத் தலைவரின் குரல் இல்லை அது. “அமுக்கும்மா. வேற வழியில்ல.”

உறுதியளிக்கிறேன் என்ற வரிக்குப் பக்கத்தில் அவள் பெயர் இருந்தது. அதைத் தட்டினாள். அலமாரி மேலிருந்த அச்சு இயந்திரம் இரைந்துகொண்டு ஒவ்வொரு தாளாகத் துப்பியது. கேஷே அத்தை எழுந்து போய் அவற்றைச் சேர்த்தாள். யாரும் தன் தாளைக் கேட்கவில்லை.

அம்மா எழுந்தாள். வண்டிச் சாவி மேசையில் அவள் கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. வீப்கே அந்தச் சாவியையே பார்த்தாள். நாலு பேர் நாற்காலியை இழுத்து வழிவிட்டார்கள். அம்மா சாவியை எடுக்காமல் மேசையைச் சுற்றிப் போய், வீப்கேயின் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். தொடவில்லை.

“அசையுதா?” என்றாள்.

“ம்.”

“எப்ப?”

“ராத்திரில. படுத்ததும்.”

“கால் வீங்குதா?”

“கொஞ்சம்.”

அந்தப் பேச்சு அப்படியே தொடர்ந்தது, ஆஸ்பத்திரியில் முன்பின் தெரியாதவளிடம் கேட்பதுபோல, ஒரு கேள்வி, ஒரு பதில். இரண்டு பேரும் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஓக்கா சுவரோரமாக உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். வழி திறந்துதான் இருந்தது. ஆனால் போவதற்கு இருந்தது அந்த ஒரு வீடுதான். அங்கே படுக்க இருந்தது அக்காவின் கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி இருந்த அவள் கட்டில்தான்.

“கிளம்பலாமா?” என்று கேட்டாள் அம்மா. யாரைக் கேட்டாள் என்று தெரியாததால் ஓக்கா கணினியை மூடிவிட்டு, கூப்பிடுவார்களா என்று காத்திருந்தாள்.