வேனுக்கு லீவு விட்ட நாள்

அறக்கட்டளையிலிருந்து நேரில் பார்க்க ஆள் வருகிறார் என்று தெரிந்ததும் அண்ணி செய்த முதல் வேலை, வேனுக்கு லீவு விட்டதுதான்.

"வண்டி பளபளன்னு வாசல்ல நிக்கணும் தம்பி. அவங்க வர்ற நேரத்துல நீ ரோட்டுல சுத்திக்கிட்டு இருந்தா எதைக் காட்டுறது?"

கொழுந்தனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அண்ணி விண்ணப்பம் எழுதுவாள், அவன் வேன் ஓட்டுவான். அவ்வளவுதான் அவர்கள் சங்கம். அக்கம்பக்கத்து டயாலிசிஸ் நோயாளிகளை வாசலிலேயே ஏற்றி, ஆஸ்பத்திரியில் விட்டு, முடிந்ததும் கூட்டிவந்து விடுவார்கள். யாரிடமும் காசு வாங்குவதில்லை. டீசல் போட்டுவந்த மளிகைக்கடைக்காரர் கடையை விற்றுவிட்டு மகனோடு போய்விட்டார். அறக்கட்டளையும் கைவிரித்தால் அடுத்த மாதம் வேன் நகராது.

"அப்ப இன்னைக்குப் போக வேண்டியவங்க?"

"அம்போன்னு விட்டுடுவேனா? எல்லாருக்கும் ஆட்டோ சொல்லிட்டேன். என் கைக்காசு."

அதிகாரி வந்தார். இளம் பெண், கையில் டேப்லெட். வேனைச் சுற்றிப் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ரொம்ப சுத்தமா இருக்கே. ஆளுங்க எங்க?"

"நீங்க வர்றீங்கன்னுதான் காலையிலேயே அனுப்பி வச்சுட்டோம்" என்றாள் அண்ணி பெருமையாக.

"எதுல?"

"ஆட்டோவுல."

"எல்லாரும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாங்களா?"

"என்னிக்கும் இல்லாம சீக்கிரமாவே போயிட்டாங்க மேடம்!" என்றான் கொழுந்தன். அண்ணி அவன் காலை மிதித்தாள். எதற்கு மிதிக்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை.

அதிகாரி நெற்றியைச் சுருக்கினார். "அப்ப வேன் எதுக்கு?"

விண்ணப்பத்தில் இதே கேள்விக்கு அண்ணி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். "அது வந்து... வேன் இருந்தா நல்லதுதானே மேடம்?"

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. டயாலிசிஸுக்குப் போயிருந்த வாத்தியார்.

"ஏம்மா, எங்களுக்கு முடிஞ்சிடுச்சு. தலை சுத்துது, எல்லாரும் பெஞ்சுல சாஞ்சு கிடக்கோம். ஒரு ஆட்டோவையும் காணோமே?"

அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ, திரும்பி வர்றதுக்குச் சொல்லவே இல்லையே!"

"நீங்கதானே அண்ணி ஏற்பாடு பண்ணீங்க?"

"நீ ஞாபகப்படுத்தினா குறைஞ்சா போயிடுவ?"

அதிகாரி வேன் கதவைத் திறந்து முதல் ஆளாக ஏறினார். "சண்டையைப் போற வழியில போட்டுக்கலாம், வாங்க."

காலையில் தாங்களாக நடந்து ஆட்டோ ஏறியவர்களைக் கொழுந்தன் ஒவ்வொருவராகக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்தான். ஓர் அம்மா அதிகாரியின் தோளிலேயே தூங்கிப்போனார். ஒருவருக்குக் குமட்ட, வண்டி இரண்டு தடவை ஓரமாக நின்றது. வேகத்தடைகளில் கொழுந்தன் தூளிக் குழந்தையைக் கீழே இறக்குவதுபோல வண்டியை இறக்கினான்.

அதிகாரி மெல்லக் கேட்டார். "சார், காலையில ஆட்டோ கஷ்டமா இருந்துச்சா?"

"சேச்சே! காத்தாட, ஜம்முனு போனோம்" என்றார் வாத்தியார்.

அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. ஒரு வருடத்துக்கு டீசல் செலவை அறக்கட்டளை ஏற்கும். திரும்பி வரும் பயணத்துக்கு மட்டும்.

"போறதுக்கு?"

"அதுக்கு வேன்தான் வேணும்னு நிரூபணம் ஆகலையாம்."

கொழுந்தன் கணக்குப் போட்டுப் பார்த்தான், பிடிபடவில்லை. "கூட்டிட்டு வரணும்னா வண்டி அங்க போயாகணுமே அண்ணி. காலியாவா போகும்?"

"காலியா போனா, கூட்டிட்டு வரப் போற செலவு. அதுக்குத் தருவாங்க."

"ஏத்திக்கிட்டுப் போனா?"

"கொண்டு விடப் போற செலவு. தர மாட்டாங்க."

"அதே டீசல்தானே?"

"என்னைக் கேட்டா?"

அதிகாரிக்குப் போன் செய்தார்கள். "எனக்கே குழப்பமா இருக்கு. மேல கேட்டுச் சொல்றேன்" என்றார்.

மேலிருந்து பதில் வருவதற்குள் அடுத்த டயாலிசிஸ் நாள் வந்துவிட்டது. வாத்தியார் பையோடு வாசலில் நின்றார். கொழுந்தன் வேனை நிறுத்திவிட்டு அண்ணியின் முகத்தைப் பார்த்தான்.

அண்ணி கதவைத் திறந்தாள். "ஏறுங்க சார். யாராவது கேட்டா, ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லாதீங்க. திரும்பி வந்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லுங்க."

"எங்கேயிருந்தும்மா?" என்று கேட்டபடியே வாத்தியார் ஏறி உட்கார்ந்தார்.