ஆர்டர் இல்லாத கேக்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். வாசலோரம் உட்கார்ந்தால் என் குரல் உங்களுக்கு எட்டாது. இன்றைக்கு ஒரு பேக்கரி வீட்டுக் கதை சொல்கிறேன். பேக்கரி என்றதும் நாக்கைச் சப்புக் கொட்டாதீர்கள், கொஞ்சம் கசக்கும். ஆனாலும் கடைசிவரை கேளுங்கள்.

அன்றைக்குக் காலையில் அந்த வீட்டு மாமியார் சர்க்கரை டின்னுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. நடுவில் மாவு பிசைகிற மேடையும் பெரிய அடுப்பும். மாமியார் கல்லாவில் உட்காருவாள். மகன் அடுப்பைப் பார்ப்பான். மருமகள் கேக்குகளின் மேல் கிரீமால் பேர் எழுதுவாள். முத்து முத்தான எழுத்து. பிறந்தநாள் கேக் வாங்க வருகிறவர்கள், பேரெழுத்துக்காரி இருக்கிறாளா என்று விசாரித்துவிட்டுத்தான் ஆர்டரே கொடுப்பார்கள்.

அந்தப் பேரெழுத்துக்காரிக்குத்தான் சர்க்கரை வியாதி என்று முந்தின நாள் தெரியவந்தது. சூடான தட்டு விழுந்து காலில் பட்ட காயம் ஆறாமலே கிடந்தது. தண்ணீர் தண்ணீர் என்று குடித்துக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

"கிரீம் கிண்ணத்தை வழிச்சு வழிச்சுத் தின்னா, சர்க்கரை வராம வேற என்ன வரும்?" என்றாள் மாமியார், பூட்டை இழுத்துப் பார்த்தபடி. "எனக்கு வந்தது வயசால. உனக்கு வந்தது வாயால. இனிமே சாவி என் இடுப்புல."

அவளுக்கும் பல வருஷமாகச் சர்க்கரை உண்டு. கல்லாப்பெட்டியில் சில்லறைக்குப் பக்கத்திலேயே மாத்திரை டப்பா கிடக்கும்.

மருமகள் கிரீமை ருசி பார்ப்பதை விட்டு இரண்டு வருஷமாகிறது. நாக்கில் எதை வைத்தாலும் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. அது அவள் புருஷனுக்கும் தெரியும். அவன் குனிந்த தலை நிமிராமல் மாவு பிசைந்துகொண்டிருந்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அழாமல் பிறந்தது. நெற்றியில் ஈர முடி ஒட்டிக் கிடந்ததை ஒரு தடவை பார்த்தாள். அதற்குள் துணியைச் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பேர் வைக்காத பிள்ளைக்காக அழக்கூடாது, அழுதால் அடுத்தது தங்காது. யார் சொன்னது, எப்போது சொன்னது என்று யாருக்கும் தெரியாது. மாமியாரும் தன் இளவயதில் ஒன்றைப் பறிகொடுத்தவள்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கல்லாவில் உட்கார்ந்தவள். "நான் அழுதேனா?" என்று கேட்பாள். அவளிடம் இருந்த நியாயம் அது ஒன்றுதான்.

பேர் வைக்காத பிள்ளையா அது? ஊர்ப் பிள்ளைகளின் பேரையெல்லாம் எழுதி எழுதி, எந்தப் பேர் கேக்கின் மேல் அழகாக உட்காரும் என்று தெரிந்தவள், தன் வயிற்றில் இருந்ததற்கு ஒரு பேர் தேர்ந்து வைத்திருக்கமாட்டாளா? என்ன பேர் என்று கேட்காதீர்கள். அது அவளுடைய சொத்து.

அழக்கூடாது என்றார்கள், அவள் அழவில்லை. வேலைக்கு வந்தாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விடிந்தும் எழுந்திருக்க முடியாமல் போயிற்று. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள், ஆனால் பொட்டுத் தூக்கம் இருக்காது. தலை வாருவதற்குக்கூட மலையேறுகிற மாதிரி மூச்சு வாங்கியது. ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடப்பாள். இன்னொரு நாள் விற்காத ரொட்டியை நின்ற வாக்கில் பிய்த்துப் பிய்த்துத் தின்பாள், வயிறு நிறைந்ததுகூடத் தெரியாமல். முன்பெல்லாம் சாயங்காலத்தில் பாலம் வரைக்கும் காலாற நடந்துவிட்டு வருவாள். அதுவும் நின்றுவிட்டது.

"மகாராணி எழுந்தாச்சா?" என்று நாத்தனார் கேட்பாள், வேடிக்கையாகத்தான். மாமியார் சோம்பல் என்பாள். பிள்ளைக்குப் பேர் வைக்காத வீடு, துக்கத்துக்கு மட்டும் உடனே பேர் வைத்துவிட்டது.

சர்க்கரை தெரியவருவதற்கு முன்னால் ஒருநாள், பக்கத்துத் தெருத் தையல்காரர் தன் மகளின் முதல் பிறந்தநாளுக்குக் கேக் சொல்லியிருந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தவர் குழம்பிப்போனார். "யாரும்மா இது? எம் பொண்ணு பேரு இது இல்லியே."

மாமியார் எட்டிப் பார்த்தாள். தட்டைக் கத்தியை எடுத்து, ஒரே வழிப்பில் அந்தப் பேரை வழித்துக் கிண்ணத்தில் போட்டாள். அது யாருடைய பேர் என்று அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி கிரீம் பையைப் பிடித்தபடி நின்றாள். மற்றவன் அடுப்புக் கதவைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லாத அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்குத்தான் அவள் வாய் திறந்து கேட்டாள். "ஏங்க, என்னை மனசு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. எனக்கு என்னமோ ஆயிடுச்சு."

அவன் எதையும் அம்மாவிடம் கேட்டுச் செய்து பழகியவன். இதையும் கேட்டான். மனநல டாக்டரின் அறை ஆஸ்பத்திரி வராந்தாவின் கடைசியில் இருந்தது. அதன் முன்னால் கிடந்த பெஞ்சு பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே. அதில் யார் உட்கார்ந்தாலும் ஊருக்கே தெரியும். "அந்த பெஞ்சுல நம்ம வீட்டு ஆளு உக்காந்தா, உன் தங்கச்சிய எவன் கட்டுவான்?" என்றாள் தாய். பேச்சு அதோடு முடிந்தது.

சர்க்கரைக்கு அந்த மாதிரி வெட்கம் கிடையாது பாருங்கள். பூட்டுப் போட்ட கோபம் தணிந்ததும் மாமியாரே கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். ஆளுக்கு ஒரு யோசனையோடு தெரு திரண்டு வந்தது. தையல்காரர் தனக்கும் உண்டு என்றும், இனி இருவரும் ஒரே கட்சி என்றும் சொல்லிச் சிரித்தார். புருஷன் காலைக் கடிக்காத மெத்துச் செருப்பு வாங்கி வந்தான். நாத்தனார் மகாராணிக் கேலியை மறந்துவிட்டு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். போய்ப் படு, உடம்புக்கு முடியாதவள் என்று மாமியாரே சொன்னாள்.

அதே கட்டில், அதே சுவர். நேற்றுவரை அங்கே படுத்திருந்தவள் சோம்பேறி, இன்றைக்குப் படுத்தவள் நோயாளி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு மூச்சு முட்டியது.

அடுத்த வாரம் மாமியாரே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டரம்மா காயத்தைப் பார்த்துவிட்டு, தூக்கம் எப்படி என்று கேட்டார்.

"ராத்திரி பகல் எந்நேரமும் படுக்கைதான் டாக்டரம்மா," என்றாள் மாமியார்.

"அவங்க சொல்லட்டும்."

மருமகள் காலில் இருந்த கட்டைப் பார்த்தபடி சொன்னாள். "தூங்கி ரெண்டு வருஷமாச்சு. ஒரு குழந்தை பிறந்துச்சு. அழக்கூடாதுன்னாங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "மனசு இப்படி நாள்கணக்கா சோர்ந்து கிடந்தா, சர்க்கரை வர்ற ஆபத்து கூடும்மா. தூக்கம் போயிடுது, நடை போயிடுது, சாப்பாடு தாறுமாறாயிடுது, உள்ளுக்குள்ள உடம்பும் மாறிடுது. எல்லாருக்கும் வந்தே தீரும்னு இல்ல. ஆனா வந்தப்புறம் சர்க்கரைக்கு மட்டும் மாத்திரை போட்டா அது பாதி வைத்தியம்தான். வராந்தா கடைசியில இருக்கிற டாக்டரையும் பாத்துடுங்க. அதுவும் குணமாகுற வியாதிதான்."

வெளியே வந்ததும் மாமியார் அவள் முழங்கையைப் பிடித்து எதிர்வாசல் பக்கம் திருப்பினாள். "சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பேச வர்றாங்க. அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

சனிக்கிழமை காலையில் கடையைத் திறக்க வந்த மாமியார், கண்ணாடி அலமாரியின் நடுவில் ஒரு கேக் இருப்பதைப் பார்த்தாள். வெள்ளைக் கிரீம், ஒரு பூ கிடையாது, ஒரு பேர் மட்டும்.

"யாரு ஆர்டர் இது?"

"நம்ம வீட்டு ஆர்டர் அத்தை."

மாமியார் அந்தப் பேரைப் படித்தாள். தையல்காரர் கேக்கில் தன் கையால் வழித்துப் போட்ட அதே பேர். கேக்கை வெளியே இழுத்துத் தட்டைக் கத்தியை எடுத்தாள். அதைத் தடுத்துப் பிடித்த கையில் மாவு ஒட்டியிருந்தது.

"வழிக்காதேம்மா," என்றான் மகன். "அது எம் பொண்ணு."

இரண்டு வருஷம் பிந்தி வந்த சொல். பேரெழுத்துக்காரி அவனைத் திரும்பிப் பார்த்தாள். மெத்துச் செருப்பை மாட்டிக்கொண்டு, பின்கட்டு வழி இருந்தும் முன்வாசல் வழியாகவே இறங்கி நடந்தாள்.

தெருமுனையில் தையல்காரர், "ஆஸ்பத்திரிக்கா? சர்க்கரைக்காம்மா?" என்று விசாரித்தார்.

"இல்லண்ணே. மனசுக்கு."

அவர் கையிலிருந்த ஊசி அப்படியே நின்றது. அவள் போய் வராந்தாக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே வந்து நின்ற பஸ்ஸிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இறங்கினார்கள். அவர்களில் ஒருத்தி இவளை உற்றுப் பார்த்தாள். இவள் முந்தானையால் முகத்தை மூடவில்லை.

கடைக்குள் நுழைந்த அவர்கள் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கேக்தான். "அழகான பேரு. யாருக்குப் பிறந்தநாள்?"

மாமியார் மகனைப் பார்த்தாள். அவன் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"என் பேத்திக்கு," என்றாள்.

"குழந்தை எங்கே? கூப்பிடுங்க, பாக்கலாம்."

அவள் கல்லாப்பெட்டிக்குள் கையை விட்டு மாத்திரை டப்பாவை எடுத்தாள். மூடி திறக்கவில்லை. திருகித் திருகிப் பார்த்தாள். அப்புறம் அதை மடியில் வைத்துக்கொண்டு, வந்தவர்கள் முன்னாலேயே அழுதாள். பேத்திக்காக அழுதாளா, தன் இளவயதில் பேர்கூட இல்லாமல் போன பிள்ளைக்காக அழுதாளா, அது அவளுக்கே தெரியாது. அவளுக்குச் சர்க்கரை வந்தது வயதால்தானா என்றும் நான் அடித்துச் சொல்லமாட்டேன்.

கேக்கை வெட்ட அந்த வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் யாராவது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், போர்வையை இழுக்காமல் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் இருக்கட்டும். அழ வேண்டியவர்கள் அழுது முடிக்க உங்கள் வீட்டில் இடம் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகளின் பேர் எல்லாம் உரக்கக் கூப்பிடப்பட்டு, அத்தனை பேரும் ஓடி வரட்டும்.