ஆயிரத்து ஒன்பதாவது விளக்கு

ஆடி வெள்ளிக்கு எங்கள் பட்டாபிராம் அம்மன் கோயிலில் ஆயிரத்தெட்டு விளக்குப் பூஜை. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு இழுப்பது என் வேலை. கணக்குச் சொல்வது கோவிந்தராஜ். அம்பத்தூர் டுடோரியலில் கணக்கு வாத்தியார். கணக்குப் பேசுகிறவனை நான் லேசில் நம்ப மாட்டேன்.

இருபத்தெட்டு வரிசை, வரிசைக்கு முப்பத்தாறு பெண்கள். வியாழக்கிழமை கோடு போட்டு முடித்தபோது புஷ்பா என் முன்னால் வந்து நின்றாள். வேலை பார்த்த கம்பெனியை மூடியதும் வீட்டை விட்டுப் போன அவள் புருஷன் இருக்கிறானா செத்தானா, யாருக்கும் தெரியாது. சுமங்கலிகளோடு அவள் உட்காரலாமா என்று போன வருஷம் பெண்கள் முணுமுணுக்க, அழுதுகொண்டே திரும்பிப் போனவள்.

"அவர் திரும்பி வரணும்னுதான் நைனா. ஒரு ஓரமா குந்திக்கிறேன்."

கோவிந்தராஜ் தலையைச் சொறிந்தான். "ஆயிரத்தெட்டு எத்தினியோ நம்பரால வகுபடும்மா. உன்னைச் சேத்தா ஆயிரத்தொம்பது. அது வேற எந்த நம்பராலயும் வகுபடாது. எப்படிப் போட்டாலும் வரிசை ஒதைக்கும்."

"கதை வுடாத," என்றேன்.

"நீயே போட்டுப் பாரு நைனா. முப்பத்தொண்ணு வரைக்கும் போதும். அதுக்கு மேல ஒரு நம்பரால வகுபட்டா, கூடவே சின்னது ஒண்ணும் வந்தே தீரும்."

வீட்டில் ஆயிரத்தொன்பது புளியங்கொட்டையை எண்ணி எடுத்து அடுக்கினேன். ஏழேழாக வைத்தேன், ஒன்று மிஞ்சியது. எட்டிலும் ஒன்று, ஒன்பதிலும் ஒன்று. பதினொன்றில் எட்டு மிஞ்சியது. முப்பத்தொன்று வரை போயும் சரியாக உட்காரவில்லை. பயல் பொய் சொல்லவில்லை.

காலையில் அவனைப் பிடித்தேன். "உன் இருபத்தெட்டு வரிசையில போட்டா எத்தினி மிஞ்சுது?"

"ஒண்ணு."

"மொய் நூறுன்னு எழுதுவியா?"

"நூத்தியொண்ணு."

"ஏன்?"

"மொட்டையா நிக்கக் கூடாதுன்னு..."

"ஆயிரத்தெட்டு மட்டும் மொட்டையா நிக்கலாமா?"

வரிசைகளுக்கெல்லாம் முன்னால், கருவறைக்கு நேராக, ஒற்றைக் கட்டம் இழுத்தேன். சாமி நெருப்பு முதலில் அங்கே வரும். மற்றவர்கள் அதிலிருந்துதான் ஏற்ற வேண்டும்.

சாயங்காலம் புஷ்பா அந்தக் கட்டத்தில் உட்கார்ந்து விளக்கை ஏற்றினாள். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. "அவ வெளக்குலேர்ந்தா?" என்றாள் ஜெகதாம்பாள், காதில் விழும்படியே. புஷ்பா தலையைத் தூக்கவில்லை. கோவிந்தராஜ் என் சுண்ணாம்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் பெண்டாட்டி வசந்தகுமாரிதான் எழுந்து போய்த் திரியை நீட்டினாள். "எவ புருசன் எங்க கீறான்னு நெருப்புக்கு இன்னா தெரியும்? ஏந்திரிங்கடி, காத்து வருது."

அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஜெகதாம்பாள் கடைசியில் வந்தாள், ஆனாலும் வந்தாள்.

புஷ்பாவின் புருஷன் வந்தானா என்று கேட்காதீர்கள். வரவில்லை. அடுத்த ஆடிக்கு நான் சுண்ணாம்பு வாளியைத் தூக்கியதும் கோவிந்தராஜே சொன்னான்: "நைனா, அந்த ஒத்தக் கட்டத்த மொதல்ல இழுத்துடு."