மாடியில் ஓடிய மெஷின்

மாடியிலிருந்து இறங்கும் சாக்கடைக் குழாயை அடைத்துக்கொண்டிருந்ததை பிளம்பர் கம்பி விட்டு இழுத்துப் போட்டபோது தையல்காரம்மாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. வெள்ளைக் கூழ். நடுநடுவே மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள். ஒரு துண்டைக் கழுவிப் பார்த்தாள். தினமும் காலையில் அவள் விழுங்கும் பிரஷர் மாத்திரையின் பெயர்தான் அதில் இருந்தது.

மருந்து விற்பனையாளன் என்று சொல்லித்தான் அவன் அவள் வீட்டு மாடிக்குக் குடிவந்தான். வாய் நிறைய அக்கா, அக்கா என்பான். போன மழையில் அவள் வழுக்கி விழுந்தபோது அள்ளித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன். படுத்த படுக்கையாகக் கிடந்த நாளெல்லாம் அவன் மனைவிதான் தலை வாரிவிட்டாள். பகலில் மேலே ஏதோ மெஷின் கடகடக்கும். தன் தையல் மெஷின் சத்தத்தில் அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

படியேறிப் போனாள். கதவு திறந்தேதான் கிடந்தது. கட்டில் இருக்க வேண்டிய இடத்தில் மாத்திரை அடிக்கும் மெஷின். தரையெல்லாம் வெள்ளைப் பொடி. வெள்ளித்தாளை நீட்டியதும் அவன் முகம் செத்துப்போயிற்று.

"என்ன தம்பி இது?"

"வெறும் மாவுதான்க்கா. யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"பிரஷர்காரன் மாவைத் தின்னா ஒண்ணும் ஆகாதா?" வெள்ளித்தாளை இன்னொரு முறை பார்த்தாள். "அப்போ, எனக்கு நீ வாங்கிட்டு வர்ற மாத்திரை?"

"ஐயோ, அது நல்ல கடையில வாங்குனதுக்கா. சத்தியமா. உங்களுக்குப் போய் இதைக் குடுப்பேனா?"

விவரம் தெரியாமல் செய்கிறானோ என்று மனசின் ஒரு மூலையில் நப்பாசை இருந்தது. அந்தச் சத்தியம் அதையும் துடைத்துக்கொண்டு போய்விட்டது.

"இன்னைக்கே காலி பண்ணிடு."

நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் மனைவி சுவரில் சாய்ந்தாள். "இந்த நெலமையில எங்கக்கா போவோம்?"

தையல்காரம்மா விறுவிறுவென்று படியிறங்கிவிட்டாள். வாயைத் திறந்தால், இருந்துட்டுப் போ என்றுதான் வரும்.

சாயங்காலம் வேன் வந்தது. பாத்திரம், படுக்கை எல்லாம் ஏறியபின், சாக்கு போர்த்திய மெஷினைப் பதமாக இறக்கி ஏற்றினார்கள். வேறொரு மாடிக்குப் போகிறது, அவ்வளவுதான். அங்கேயும் ஓர் அக்கா இருப்பாள். அவளுக்கு நல்ல மாத்திரை கிடைத்துவிடும்.

ஜன்னலோரம் நின்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள்.

"சொல்லுங்கம்மா," என்றது ஒரு குரல்.

வேனுக்குள்ளிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்தாள். அழுது வீங்கிய முகம். "வரேன்க்கா," என்று கையசைத்தாள்.

"ஹலோ, சொல்லுங்கம்மா..."

போனைக் காதோடு அழுத்தியபடி நின்ற தையல்காரம்மாவின் இன்னொரு கை, தானாக எழுந்து அசைந்தது.