பெர்னதெத்தின் முதல் புருஷன்

மேட்டுப்பாளையத்துக்குக் குடிபோகலாம் என்பது அமலநாதனின் யோசனை. பெர்னதெத்தின் யோசனையாக இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. அவள் பட்டணத்தில் உப்பளம் என்கிற பேட்டையில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, கல்யாணமாகி நாலு தெரு தள்ளி இன்னொரு உப்பளத்து வீட்டுக்குப் போனவள். மாடு என்றால் தெருவில் ஒதுங்கி வழிவிட வேண்டிய பிராணி. பால் என்றால் காலையில் வாசலுக்கு வருவது. இரண்டுக்கும் உள்ள சம்பந்தத்தை அவள் அதிகம் விசாரித்ததில்லை.

அமலநாதனும் அப்படியொன்றும் காடுகழனி கண்டவன் இல்லை. மேரி என்று ஊரார் சொல்லும் நகரசபைக் கட்டடத்தில் குமாஸ்தா. யாரோ இரவல் கொடுத்த பிரெஞ்சுப் புத்தகத்தில், பாரிசை விட்டுக் கிராமத்துக்குப் போன புருஷன் பெண்சாதி கதையைப் படித்துவிட்டான். அதில் கோழிகள் இருந்தன, ஒரு கழுதை இருந்தது, கடைசி வரை காதல் இருந்தது. அன்றிலிருந்து பட்டணத்துக் காற்றில் புழுதி, பட்டணத்துப் பாலில் தண்ணீர், பட்டணத்துச் சத்தத்தில் தலைவலி. கடைசியில், பட்டணத்துக்கு மேற்கே, மேட்டுப்பாளையத்தில் சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு ஓட்டு வீட்டைப் பேசி முடித்துவிட்டு வந்து நின்றான். வேலையை மட்டும் விடவில்லை. தினமும் சைக்கிளில் பட்டணம் போய்வருவானாம். ஆகக்கூடி, கிராமத்தின் மேல் ஆசைப்பட்டவன் பகலெல்லாம் பட்டணத்தில். பட்டணத்தின் மேல் ஆசைப்பட்டவள் பகலெல்லாம் கிராமத்தில். நியாயம் எப்படி இருக்கிறது பாருங்கள்.

பெர்னதெத்தின் தாய் ரோசாம்மாள் பால் காய்ச்சக்கூட வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் வராததால் மற்ற சொந்தமும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து, கோயிலிலிருந்து நேராக மாட்டுவண்டியில் ஏறினார்கள். அவர்கள் குடும்பத்துப் பெண்கள் ஞாயிறு பூசைக்கு வெள்ளைப் புடவைதான் கட்டுவார்கள், கல்யாணத்துக்கே வெள்ளைதான். பொட்டு வைக்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. தலையில் பூ இருந்தது. பாதி வழியில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது, வந்த கோபத்தில் பெர்னதெத் அதையும் பிடுங்கி எறிந்தாள். மேட்டுப்பாளையத்தில் இறங்கும்போது அவள் வெள்ளைப் புடவையில், வெறும் நெற்றியோடு, பூ இல்லாமல், அழுது வீங்கிய கண்ணோடு இறங்கினாள். சொந்தக்காரர் ஒருவரும் இல்லாமல் தானே அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினாள். சுற்றி நின்று ஊர் மொத்தமும் பார்த்தது.

மறுநாளிலிருந்து அவளுக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

காலையில் குடத்தோடு கிணற்றுக்குப் போனால், ஏரைத் தோளில் வைத்துக்கொண்டு எதிரே வந்த மனிதர் சட்டென்று திரும்பி வீட்டுக்குப் போனார். எதையோ மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தாள். அடுத்த நாளும் அவர் மறந்தார். அதற்கடுத்த நாள் வேறொருவர் மறந்தார். இப்படி மறதி பிடித்த ஊரை அவள் கண்டதே இல்லை. ஆனால் அதே ஊரில், வீட்டுச் சொந்தக்காரர் சாமிக்கண்ணுவின் மனைவி சின்னப்பாப்பா, ஒரு முழம் கதம்பத்தைக் கொண்டுவந்து தன் கையாலேயே அவள் தலையில் சூட்டி, கன்னத்தைத் தடவி, பொலபொலவென்று கண்ணீர் விட்டாள்.

"நல்லா இரு கண்ணு. பூ வெச்சிக்கோ. யாரு இன்னா சொன்னாலும் கயட்டாத."

"யாருங்க சொல்லப் போறாங்க?" என்றாள் பெர்னதெத்.

"அதான கேக்குறேன். எவ சொல்லிடுவா?" என்று சின்னப்பாப்பா மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமைகள் இன்னும் விசித்திரம். அவள் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு சைக்கிளின் பின்னால் உட்கார, அமலநாதன் மூச்சிரைக்க மிதித்துக்கொண்டு பட்டணத்துக் கோயிலுக்குப் புறப்படுவான். அந்த நேரத்துக்கு வீதியில் கூட்டம் நிற்கும். பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அமலநாதனைப் பார்ப்பார்கள். அது கேலிப் பார்வையாக இருந்தால் அவளும் சேர்ந்து சிரித்திருப்பாள். சாமி புறப்பாட்டைப் பார்க்கிற பார்வையாக இருந்தது. தன் புருஷனை அப்படிப் பார்க்க என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருநாள் வாசகசாலை வாலிபர்கள் அவனுக்கு மாலை போட்டு அனுப்பினார்கள்.

"எதுக்கு மாலை?"

"கிராமத்து மரியாதை," என்றான் அமலநாதன். சொல்லும்போது மாலையைப் பார்த்தானே ஒழிய அவளைப் பார்க்கவில்லை.

கல்லறைத் திருநாள் வந்தது. பெர்னதெத் உப்பளம் கல்லறைக்குப் போய்த் தன் தகப்பனாரின் குழிமேல் பூத் தூவி, மெழுகுவத்தி ஏற்றி, ஆசைதீர அழுதாள். தகப்பனாருக்காக அழுதது கொஞ்சம், மேட்டுப்பாளையத்துக்காக அழுதது மீதி. அமலநாதன் காற்றில் அணையாமல் மெழுகுவத்திக்குக் கை மறைப்புக் கொடுத்தபடி நின்றான். கத்தரிக்காய்க் கூடையோடு சந்தைக்கு வந்த சின்னப்பாப்பா கல்லறை மதில் ஓரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

மறுநாள் சின்னப்பாப்பா வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் முறத்தில் இருந்த அரிசியில் கல் பொறுக்கினாள். பிறகு தாங்கவில்லை.

"எம்மா, கேக்குறேன்னு தப்பா நெனைக்காத. மொத புருஷன் செத்து எத்தினி வருசம் ஆவுது?"

"யாரோட மொத புருஷன்?"

"ஒன்னோடதுதாம்மா. நேத்து கல்லறையில பாத்தேன். நீ அந்த அழுவ அழுவற, ஒன் வூட்டுக்கார முசியே வெளக்கு அணையாம கைய வெச்சினு நிக்கிறாரு. அறுத்துப்போட்டவளுக்குத் தாலி கட்டுனதோட இல்லாம, வாரா வாரம் நீ துக்கத்துக்கு வெள்ள கட்டிக்கினா, அவரே சைக்கிள்ல வெச்சி மிதிச்சினு போறாரு. தெய்வம்மா அவரு!"

பெர்னதெத்துக்கு ஏரோடு திரும்பிப் போனவர்களின் மறதிக்கு இப்போது அர்த்தம் தெரிந்தது. காலையில் விதவை எதிரே வந்தால் ஆகாது என்று திரும்பியிருக்கிறார்கள். விதவை! கல்லுக்குண்டாக ஒரு புருஷன் உயிரோடு இருக்கும்போது! வாயைத் திறந்தாள், வார்த்தை வரவில்லை. அது துக்கத்தால் வந்த மௌனம் என்று எடுத்துக்கொண்டு சின்னப்பாப்பா அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அமலநாதன் சைக்கிளைச் சுவரில் சாத்தும் முன்பே அவள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"ஏங்க, நான் விதவையாங்க?"

அவன் திடுக்கிட்டிருக்க வேண்டும். திடுக்கிடவில்லை. தொப்பியைக் கழற்றி அதன் உட்பக்கத்தைப் பார்த்தான்.

"தெரியுமா ஒங்களுக்கு?" அவள் குரல் உயர்ந்தது. "தெரிஞ்சுக்கிட்டா சும்மா இருந்தீங்க?"

"மாலை போட்டப்பதான் தெரிஞ்சுது பெர்னதெத். அந்த வாசகசாலை முருகையன் ரொம்ப நேரம் சமுதாயம், முன்னேற்றம்னு பேசினான். பட்டணத்த விட்டு வந்ததப் பாராட்டுறான்னு நெனச்சேன். விதவைங்கிற வார்த்தை கடைசியிலதான் வந்துது. அதுக்குள்ள மாலை கழுத்துல விழுந்துட்டுது."

"கழட்டி வெக்கிறது!"

"நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். மறுநாள் சாமிக்கண்ணு கட்டில்ல ஒக்கார வெச்சு மோர் குடுத்தாரு."

ஒரு டம்ளர் மோருக்குத் தன்னை விதவையாக்கிவிட்டு வந்திருக்கிறான்! பெர்னதெத்துக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இந்த மனிதனை நம்பித்தானே தாயை, தெருவை, மணியடித்தால் கேட்கும் கோயிலை எல்லாம் விட்டு வந்தாள். உடனே சாமிக்கண்ணு வீட்டுக்குப் போய் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டு, நாளைக்கே உப்பளத்துக்குப் போய்விடுவது என்று கிளம்பினாள். அமலநாதன் குறுக்கே வந்தான்.

"பொறு. ஜெயத்துக்காகத்தான் வாய மூடிக்கிட்டு இருக்கேன்."

ஜெயம் சாமிக்கண்ணுவின் ஒரே மகள். கல்யாணமாகி ஒரு பொங்கல்கூடப் பார்க்காமல் புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துத் தாய்வீட்டுக்குத் திரும்பியவள். மாட்டுக்கொட்டகையில்தான் அவள் பகல் முழுக்கக் கழியும். மில்லுக்கு வேலைக்குப் போகும் முருகையன் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம். ஊர் என்ன சொல்லுமோ என்று சாமிக்கண்ணு மறுத்துக்கொண்டே இருந்தாராம். இப்போது இவர்கள் இருவரும் கண்ணெதிரே குடித்தனம் நடத்துவதைப் பார்த்து அவர் மனது இளகிவிட்டது.

"இன்னைக்கு முடிவு சொல்றேன்னு இருக்காரு. இப்பப் போயி, அதெல்லாம் பொய், எங்க வழக்கமே வெள்ளப் பொடவைன்னா, அந்தப் பொண்ணு கதி?" என்றான் அமலநாதன்.

அவள் அவனைத் தாண்டி நடந்தாள். ஜெயத்துக்காக அவள் மனம் இரங்கியது நிஜம். ஆனால் அதற்காக உயிரோடு இருக்கிற புருஷனைச் செத்துப்போனான் என்று சொல்ல முடியுமா? சனிக்கிழமை கோயிலில் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது? முடியாது, சொல்லிவிடத்தான் வேண்டும் என்று நினைத்தாள். வாசலுக்குப் போகும்வரை அப்படித்தான் நினைத்தாள்.

சாமிக்கண்ணு வாசலில் நின்றிருந்தார். ஓரமாக முருகையன், புதுச்சட்டை போட்டுக்கொண்டு, வேர்த்துக்கொண்டு. சாமிக்கண்ணு அவளைக் கண்டதும் கைகூப்பினார்.

"வாம்மா. நானு சரின்னுட்டேன். இப்ப அந்தப் பொண்ணு மாட்டேங்குது. பட்டணத்து அக்காகிட்ட ஒரு வார்த்த கேக்கணுமாம். கேட்டுட்டுத்தான் சொல்லுமாம்."

பெர்னதெத்தின் வாயில் வந்து நின்ற உண்மை அங்கேயே நின்றது. சின்னப்பாப்பா அவள் கையைப் பிடித்துக் கொட்டகைக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே போனாள். ஜெயம் வைக்கோலை உதறிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. பசு மட்டும் திரும்பிப் பார்த்தது.

"அக்கா," என்றாள் கடைசியில். "முருகையன் நல்லவருதான். எனக்குப் புடிக்காமயும் இல்ல. ஆனா செத்துப்போனவரு நல்லவரா இருந்தாருக்கா. இவரக் கட்டிக்கினா அவர மறந்துடணுமா? நீ மறந்துட்டியா?"

பெர்னதெத் உண்மையைச் சொல்லத்தான் வந்திருந்தாள். அந்தப் பெண்ணின் கை வைக்கோலை விடவும் இல்லை, உதறவும் இல்லை. 'எனக்கு முதல் புருஷனே கிடையாது' என்று சொன்னால் எவ்வளவு சுலபம்! ஒரே வரி. அந்த ஒரே வரியில் இவள் ஆயுசுக்கும் இந்தக் கொட்டகையிலேயே நின்றுவிடுவாள்.

பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த கூடையின் மேல் உட்கார்ந்தாள். பேச ஆரம்பித்தபோது என்ன பேசப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

"மறக்கல," என்றாள். "பட்டணத்துல எனக்கு ஒருத்தரு இருந்தாரு ஜெயம். சாயங்காலமானா கஞ்சி போட்ட சட்டை மாட்டிக்கிட்டு, என்னக் கடக்கரைக்குக் கூட்டிட்டுப் போவாரு. பாண்டு வாசிக்கிறப்ப எனக்கு மட்டும் கேக்குற மாதிரி தப்புத் தப்பாப் பாடுவாரு. வேர்க்கடல வாங்கி, தோல உரிச்சி உரிச்சிக் குடுப்பாரு. அவருக்கு மாடும் தெரியாது, கோழியும் தெரியாது. என்ன மட்டுந்தான் தெரியும்."

அவள் குரல் உடைந்தது. நடிப்பில்லை. இத்தனை நாளாகத் தான் எதற்காக அழுதுகொண்டிருந்தோம் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. உப்பளத்துக்காக இல்லை, அங்கே இருந்த பழைய அமலநாதனுக்காக.

"அவரு போயிட்டாரு. என்னக் கேக்காமலே போயிட்டாரு. நெனச்சா இப்பவும் அழுகையா வருது."

ஜெயம் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். "இவரு?"

இவர். பெர்னதெத் யோசித்தாள். மண்வெட்டி பிடித்துக் கை கொப்புளித்ததைக் காட்ட ஓடிவருகிறவன். எதிர்க்காற்றில் அவளையும் வைத்துக்கொண்டு பட்டணம் வரை மிதித்துவிட்டு, மூச்சு வாங்குவதை மறைக்க வானத்தைப் பார்க்கிறவன். யாரோ ஒரு பெண்ணுக்காகப் பெண்சாதியிடம் திட்டு வாங்கத் துணிந்து வாயை மூடிக்கொண்டிருந்தவன். மோருக்காகவும்தான்.

"இவரு வேற மாதிரி," என்றாள். "அசடு. அவரு மாதிரி பாட மாட்டாரு. ஆனா அவரு இப்பிடி மிதிச்சிருக்க மாட்டாரு. அவர நெனக்கிறதும் நெசம், இவரு வர்ற சைக்கிள் சத்தத்துக்குக் காது வெச்சிக்கிட்டு இருக்கிறதும் நெசம். ஒண்ண ஒண்ணு அடிச்சிக்கல ஜெயம். அதுக்குமேல எனக்குத் தெரியல."

ஜெயம் புடவையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டாள். பிறகு எழுந்து, தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"அப்பாகிட்ட சரின்னு சொல்லிடுக்கா. நானே சொல்ல வெக்கமா இருக்குது."

பெர்னதெத் வெளியே வந்து சொன்னாள். சின்னப்பாப்பா குலவையிட்டாள். முருகையன் யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் முதலில் பசுவைக் கும்பிட்டான்.

தெருமுனையில் அமலநாதன் உள்ளே வரத் தைரியமில்லாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். குலவைச் சத்தம் கேட்டும் அவன் முகத்தில் கலக்கம் போகவில்லை.

"உண்மையச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"சொல்லியுமா கல்யாணம் நடக்குது?"

"நடக்குது. நீங்க செத்தது செத்ததுதான்."

அவன் ஒன்றும் புரியாமல் அவளோடு நடந்தான். கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகக் கேட்டான்: "அப்ப நான் யாரு?"

"ரெண்டாவது," என்றாள் பெர்னதெத், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மொதல்ல இருந்தவரு ரொம்ப நல்லவரு. பாத்து நடந்துக்குங்க."