ஏழு மாத மூப்பு

செவ்வாய்க்கிழமை காலை கோகிலவாணி பல் தேய்த்துவிட்டு வந்தபோது, அடுப்படியில் கோகிலவாணி தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். தோசை நல்ல வட்டமாக வந்திருந்தது. அதைப் பார்த்ததும்தான் கொஞ்சம் உறுத்தியது. இத்தனை வயதில் அவளுக்கு ஒரு தோசைகூட வட்டமாக வந்ததில்லை.

"நீங்க யாருங்க?" என்று கேட்டாள்.

"கோகிலவாணிங்க. பம்ப்செட் கம்பெனி ஸ்டோர்ஸ்ல இருக்கறனுங்க. பாங்குக் கணக்கு மூணுங்க. சேமிப்பு நாலு லட்சத்துப் பன்னெண்டாயிரமுங்க. நேத்து தக்காளிக்கு நாப்பது ரூபா ஆச்சுங்க."

எல்லாம் சரியாக இருந்தது. தக்காளி முப்பத்தெட்டு. அவள்தான் நாற்பது என்று பதிந்திருந்தாள்.

இதற்குக் காரணம் காசுத்துணை. வரவு செலவைப் பார்த்துக்கொள்ளும் இணையதளம். ஆறு மாதம் முன்பு அவள் அதில் சேர்ந்தாள். மூன்று பாங்குகளின் பாஸ்வேர்டையும் கொடுத்தால் மூன்றையும் ஒரே இடத்தில் காட்டுவோம் என்றது. கொடுத்தாள். மூன்றுக்கும் பாஸ்வேர்டு ஒன்றுதான் என்பதால் வேலை சுலபமாக முடிந்தது. அதையும் பஸ் ஸ்டாண்டு இலவச வைஃபையில் உட்கார்ந்து தட்டினாள்.

அவள் ஏமாளி இல்லை. ஸ்டோர்ஸில் கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட்டுகூட வெளியே போகாது. முதலாளி மகன் வந்து கேட்டாலும் சீட்டு எங்கே என்பாள். ஆனால் காசுத்துணை ஒவ்வொரு கேள்வியையும் மரியாதையாகக் கேட்டது. மரியாதையாகக் கேட்டால் கோயமுத்தூர்க்காரர்கள் எழுதி வைத்துவிட்டுத்தான் யோசிப்பார்கள்.

போன வாரம் ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'உங்கள் விவரங்கள் வெளியே போய்விட்டன. வருந்துகிறோம்.' வெளியே போனவை சாயங்காலத்துக்குள் திரும்பிவிடும் என்று நினைத்து அவள் வேலையைப் பார்த்தாள். திரும்பித்தான் இருக்கின்றன. தோசைக் கரண்டியோடு.

கணவன் தண்டபாணி பேப்பரை மடித்துவிட்டு இருவரையும் பார்த்தான்.

"ரெண்டு பேருமே என்ற சம்சாரமாட்டத்தான் இருக்கறீங்க. அந்தக் காசுத்துணை ஆபீசுக்குப் போயி முடிவு பண்ணிட்டு, ஒருத்தர் வாங்க. வீட்டுச் சாவி ஒண்ணுதான் இருக்குது."

அதற்குள் அடுத்த குறுஞ்செய்தி வந்துவிட்டது. மாலை ஐந்து மணிக்குள் இருவரும் நேரில் வரவேண்டும். ஒருவர் உறுதி செய்யப்படுவார். மற்றவர் கோகிலவாணியாக இருப்பதை நிறுத்திக்கொள்ள வேண்டும். சேமிப்பு உறுதியானவருக்கே. அந்தப் பணத்தில் பங்குனியில் சொந்தமாக மோட்டார் காயில் கட்டும் பட்டறை போடுவதாக இருந்தாள் கோகிலவாணி. இருபத்திரண்டு வருடம் நின்றே சேர்த்த பணம். அதை எவளோ ஒருத்தி, அதுவும் தன் பெயரிலேயே, கொண்டுபோவது என்றால் வயிறு எரியாதா?

பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். ஆனாலும் கண்டக்டர் ஒன்றுதான் கிழித்தார். நகல் உட்கார்ந்தாள். கோகிலவாணி பையைத் தூக்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

அலுவலகம் காந்திபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல் இருந்தது. வராந்தா நடக்க நடக்க நீண்டது. இரண்டு பக்கமும் ஆட்கள் ஜோடி ஜோடியாகக் காத்திருந்தார்கள். ஜோடிக்கு ஒரு நாற்காலி. எல்லா நாற்காலியிலும் நகல்களே உட்கார்ந்திருந்தார்கள். பாதி வழியில் ஒருவர் டீ விற்றார். கோகிலவாணி வாங்கிக் குடித்தாள். நகல் குடிக்கவில்லை. இந்த மாதம் டீக்கு ஒதுக்கிய தொகை முடிந்துவிட்டது என்றாள்.

சரிபார்ப்பு அலுவலர் மருதாசலம் இருப்புச் சான்று விண்ணப்பத்தை எடுத்து வைத்தார். அங்கேயும் நாற்காலி ஒன்றுதான். நகல் உட்கார்ந்தாள்.

"பாஸ்வேர்டு?"

நகல் கடகடவென்று சொன்னாள். கோகிலவாணி யோசித்தாள்.

"மொத எழுத்துப் பெருசுங்களா, சின்னதுங்களா?"

"அத நீங்கதான் சொல்லோணும்."

"வீட்ல காலண்டர் பின்னாடி எழுதி வெச்சிருக்கறனுங்க."

மருதாசலம் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"போன தீவாளிச் செலவு?"

"எட்டாயிரத்து நானூத்து அறுவத்தி மூணு," என்றாள் நகல்.

"எட்டு, எட்டரை இருக்குமுங்க," என்றாள் கோகிலவாணி.

இன்னொரு பெருக்கல் குறி. அவளுடைய வலது கை முழங்கை வரைக்கும் காணாமல் போயிற்று. வளையல் மேசைமேல் விழுந்து உருண்டது. மருதாசலம் அதை எடுத்து வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்.

முதல் பள்ளிக்கூடம், அம்மாவின் சொந்த ஊர், வளர்த்த நாயின் பெயர். கேள்வி முடியுமுன் நகல் பதில் சொன்னாள். கோகிலவாணி வாயைத் திறக்குமுன் குறி விழுந்தது. இடது காலும் போனது. அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது. இதெல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதானே என்று பல்லைக் கடித்தாள்.

"கடைசிக் கேள்வி. பொறந்த தேதி?"

"ஒண்ணு, ஆறு, எழுவத்தொம்பது," என்றாள் நகல்.

"உங்களுக்கு?"

அதையேதான் சொல்ல வாயெடுத்தாள். எல்லா விண்ணப்பத்திலும் அதைத்தான் எழுதுவாள். ரேஷன் கார்டில் அதுதான், ஆதாரில் அதுதான், காசுத்துணையிலும் அதுதான். சொல்லப்போனவள் நிறுத்தினாள்.

"அது பள்ளிக்கூடத்துல குடுத்த தேதிங்க," என்றாள். "கவர்மென்ட் வேலைக்குப் போனா சர்வீஸ் கூட இருக்குமுன்னு ஹெட்மாஸ்டரு வயசக் கொறச்சு எழுதிட்டாருங்க. வேலையுங் கெடைக்கலீங்க."

மருதாசலம் பென்சிலைக் கீழே வைத்தார். அவர் முகம் இளகியது.

"எனக்கு ஒண்ணர வருசம் கொறச்சாங்க," என்றார். "அப்ப நெசமா எப்பப் பொறந்தீங்க?"

"எழுவத்தெட்டு ஐப்பசிங்க. தீவாளிக்கு ரெண்டு நாள் முன்ன. வெடிச் சத்தத்துக்கு வீல் வீல்னு அழுதனாமா."

மருதாசலம் விரல் விட்டு எண்ணினார். ஏழு மாதம் வந்தது. நகலைப் பார்த்தார்.

"அந்த ஏழு மாசம் நீங்க எங்கிருந்தீங்க?"

நகல் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். பிறகு, "இல்லீங்க," என்றாள்.

"இல்லீன்னா?"

"நானே இல்லீங்க. எனக்கு ஒண்ணாந்தேதிதான் ஆரம்பமுங்க."

மருதாசலம் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பெருக்கல் குறிகளை ஒவ்வொன்றாக ரப்பரால் அழித்தார். அழிக்க அழிக்கக் காலும் கையும் வந்தன. ரசீதை வாங்கிக்கொண்டு வளையலைத் திருப்பிக் கொடுத்தார்.

"வெளிய போன நகல எங்களால அழிக்க முடியாதுங்க," என்றார். "அசலத்தான் அழிக்க முடியும். ஆனா மூத்தவங்கள அழிக்கறதுக்கு விதியில எடமில்ல. இவங்க உங்களுக்கு எளையவங்க. இனி நீங்க பாத்து எது சொன்னாலும் இவங்க கேக்கோணும்."

கோகிலவாணிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஸ்டோர்ஸில் சீட்டு கேட்கும் குரல் தானாக வந்தது.

"எந்திரி கண்ணு. அக்கா நிக்கறன், நீ உக்காந்துட்டு இருக்கற."

நகல் சடாரென்று எழுந்தாள்.

"மூணு பாஸ்வேர்டயும் நானே மாத்தறன். மூணுக்கும் வேற வேற. நீ செவுத்தப் பாத்துத் திரும்பிக்க."

"சரிங்கக்கா."

கோகிலவாணி சாவகாசமாக உட்கார்ந்து மாற்றினாள். ஒவ்வொரு பாங்கையும் திறந்து பார்த்தாள். நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரமும் அப்படியே இருந்தது. காசுத்துணையில் தன் கணக்கை மூடும் பொத்தானை அழுத்தினாள். நிச்சயமாகவா என்று மூன்று முறை மரியாதையாகக் கேட்டது. மூன்று முறையும் மரியாதை இல்லாமல் ஆமாம் என்றாள்.

கதவைத் திறந்ததும் வராந்தாவில் இருந்தவர்கள் மொய்த்துக்கொண்டார்கள். ஒருவருக்குத் தோள்பட்டை இல்லை. ஒரு அம்மாளுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை.

"எப்படீங்க ஜெயிச்சீங்க?"

"பள்ளிக்கூடத்துல உங்களுக்கு என்ன தேதி குடுத்தாங்க? ரோசன பண்ணிப் பாருங்க!" என்று கத்தினாள் கோகிலவாணி.

காத்திருந்தவர்கள் விரல் விட்டு எண்ணினார்கள். பிறகு ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. அடுத்து இன்னொன்று. வராந்தாவின் கண்ணுக்கெட்டாத கடைசி வரை நகல்கள் வரிசையாக எழுந்து நின்றார்கள். அண்ணா, உக்காருங்கண்ணா. அக்கா, வாங்கக்கா. ஒரே ஒருவர் மட்டும் தயங்கினார். அவருக்கு வயதைக் கூட்டிக் கொடுத்திருந்தார்கள். அவர் தன் நகலிடம் போய், "சித்த தள்ளி உக்காருங்கண்ணா," என்றார். அண்ணனும் பெரிய மனது பண்ணி நகர்ந்தார்.

கோகிலவாணி படியிறங்கினாள், நகலும் பின்னாலேயே வந்தாள். பையை யார் தூக்குவது என்ற கேள்வியே எழவில்லை.