ஒன்பது மூங்கிலும் ஆட்டம் முடியும் விதிகளும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை திருட்டுச் சரக்கு. இன்று மதியம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்ததைச் சுருட்டிக்கொண்டு மாடியறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. திறக்கவில்லை. எழுத்தாளனாம்!

தொடக்கத்தை நான்கு முறை எழுதிப் பார்த்தேன். "ஜன்னல் வழியே வந்த வெயில் காய்களின் மேல் விழுந்து..." (வேண்டாம். என் முதல் தொகுப்பின் பன்னிரண்டு கதைகளில் எட்டு, ஜன்னல் வெயிலில்தான் தொடங்குகின்றன. பதிப்பாளரே எண்ணிச் சொன்னார்.)

2

ஜப்பானிய மாஜாங் தெரியாத வாசகருக்கு: நான்கு பேர் ஆடுவது. சீட்டுக்குப் பதிலாகச் சின்னச் சின்னக் காய்கள். ரம்மி மாதிரி சேர்த்து வரிசை கட்ட வேண்டும். ஆளுக்கு இருபத்தைந்தாயிரம் புள்ளிகள் கையில். எப்படி ஜெயிப்பது என்பதை விட்டுவிடுங்கள். எப்படி முடிகிறது என்பதுதான் நமக்கு வேண்டும்.

எல்லாரும் இரண்டிரண்டு முறை டீலராக இருந்துவிட்டால் முடிந்தது. நடுவில் யாராவது பூஜ்யத்துக்குக் கீழே போனால் அந்த நொடியே முடிந்தது. கடைசி டீலருக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: அவர் ஜெயித்து, முதலிடத்துக்கும் வந்துவிட்டால், "போதும்" என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். ஆசை விடாவிட்டால் தொடரலாம். கடைசியாக, ஜெயிக்காமலே ஜெயித்தேன் என்று கத்தினால் அபராதம். டீலர் கத்தினால் பன்னிரண்டாயிரம்.

(இன்னும் ஏழு உட்பிரிவுகள் உண்டு. கீழ்வீட்டுப் பல் டாக்டருக்கு மனப்பாடம். அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.)

3

அந்த டாக்டர் ஒருவர். நான் ஒருவன். மற்ற இருவர் அண்ணனும் அண்ணியும்.

அண்ணன் டவுன் பஸ் ஓட்டுகிறான். இருபத்திரண்டு வருடமாக வண்டியில் ஒரு கீறல் விழவிட்டதில்லை. ஆனால் கண் போய்க்கொண்டிருக்கிறது. கண்ணாடியால் சரியாகாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். டிப்போவில் சொன்னால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு டோக்கன் கொடுக்க உட்கார வைத்துவிடுவார்கள் என்று மறைக்கிறான். அங்கே அடுத்த செக்கப்புக்கு எட்டு மாதம் இருக்கிறது. போன வாரம் ஒரு சைக்கிள்காரரைக் கடைசி நொடியில்தான் பார்த்தானாம். அதையும் அண்ணியிடம் வாய் தவறித்தான் சொன்னான்.

அண்ணி மருந்துக்கடையில் வேலை செய்கிறார். டாக்டர்களின் கோழிக்கிறுக்கலை நின்ற இடத்தில் படித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவர். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

அந்தச் சைக்கிள்காரருக்குப் பிறகு வீட்டில் தினம் சண்டை. இன்று காய்களை அடுக்கும்போது அண்ணனே அண்ணியிடம் ஆரம்பித்தான்.

"இங்க பாரு. இன்னிக்கு ஆட்டத்துல உனக்குக் கீழ வந்தேன்னா, நாளைக்கே மேனேஜர்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன். மேல வந்தா, செக்கப் வரைக்கும் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நான் என்னிக்கு மாறியிருக்கேன்?"

4

கடைசிக் கை. டீலர் அண்ணன். அவனிடம் பதினோராயிரம்தான். அண்ணியிடம் இருபத்தாறு, டாக்டரிடம் இருபத்துமூன்று, என்னிடம் நாற்பது. (ஆமாம், நான்தான் முதலிடம். வாழ்க்கையில் வேறெதிலும் வந்ததில்லை, அதனால் சொல்லிக்கொள்கிறேன்.)

நான் ஒன்பது மூங்கிலை, அதாவது ஒன்பது மூங்கில் குச்சிகள் வரைந்த காயை, வேண்டாமென்று தூக்கிப் போட்டேன்.

"ரோன்!" என்று கத்தினான் அண்ணன். அடுத்தவர் போட்ட காயால் ஜெயித்தால் அப்படித்தான் கத்த வேண்டும். தன் காய்களை விரித்துக் காட்டினான். பெரிய கை, இருபத்துநாலாயிரம். நான் கொடுத்தால் அவன் முப்பத்தைந்தாயிரத்தோடு முதலிடம்.

ஆனால் அவனுக்கு வேண்டியிருந்தது ஆறு மூங்கில். ஆறில் இரண்டு வரிசை, ஒன்பதில் மூன்று வரிசை. வித்தியாசம் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அதாவது தப்பாகக் கத்திவிட்டான். பன்னிரண்டாயிரம் அபராதம். பூஜ்யத்துக்குக் கீழே. ஆட்டம் முடிந்தது, பந்தயமும் போனது. யாராவது வாயைத் திறந்து சொன்னால்.

விதி விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் டாக்டர், "சார், அது வந்து..." என்று இழுத்தார். அண்ணியைப் பார்த்தார். மீதியை மென்று விழுங்கிவிட்டார்.

"கொடு தம்பி, இருபத்துநாலாயிரம்," என்றார் அண்ணி.

கொடுத்தேன்.

"போதும், ஆட்டம் முடிஞ்சுது!" அண்ணன் மேசையைத் தட்டினான். "பார்த்தியா? கண்ணு தெரியாதவன் ஆடுற ஆட்டமா இது?"

5

இங்கேதான் கதை முரண்டு பிடிக்கிறது. அண்ணி பார்த்தாரா, இல்லையா?

பார்க்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதினேன். மருந்துக்கடைக்காரர் பார்க்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? கிழித்தேன். பார்த்தும் பேசாமலிருந்தார் என்று எழுதினேன். அப்படியானால் பந்தயத்துக்கு ஏன் ஒப்புக்கொண்டார்? "ஒரு மனைவியின் மனம் என்பது..." (ஐயோ, இந்த வாக்கியத்தை முடித்தால் எனக்கே என்னைப் பிடிக்காது.)

என் கதாபாத்திரத்தில் மட்டும் சந்தேகமே இல்லை. அவன் பார்த்தான். காயைப் போட்டதே அவன்தான். அவன் பேசாமலிருந்தது பாசத்தினால் அல்ல. அந்த நொடியில் அவன் மனதில் ஓடியது, "அடடா, என்ன ஒரு காட்சி!" அவ்வளவுதான். அண்ணன் கண்ணைவிடக் கதை பெரிதாகப் போய்விட்டது எனக்கு. வெட்கமாக இருக்கிறது.

6

மாற்று முடிவுகள்:

(அ) தம்பி எழுந்து, "அது ஒன்பது!" என்கிறான். (இதை மூன்று முறை எழுதினேன். மூன்றிலும் தம்பி ரொம்ப நல்லவனாக வருகிறான். பொய்.)

(ஆ) டாக்டர் விதிப்புத்தகத்தை எடுத்து வாசிக்கிறார். (அடுத்தவர் வாயில் நியாயத்தைத் திணித்துவிட்டு நான் ஒதுங்கிக்கொள்வது. என் வழக்கமான உத்தி.)

(இ) எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. (இதை எழுதிப் பாதியில்...)

7

எழுதிக்கொண்டிருக்கும்போது அண்ணி டீ கொண்டுவந்தார். மறைக்கப் பார்த்தேன். கையிலிருந்து வாங்கி, நின்றபடியே கடைசிவரை படித்துவிட்டார்.

"நான் பார்த்தேனா இல்லையான்னு எதுக்கு இவ்வளவு தாளை வீணாக்கற? பார்த்தேன்."

"அப்ப ஏன் அண்ணி..."

"அந்த மூஞ்சியைப் பார்த்தியா நீ? எத்தனை மாசமாச்சு அவர் அப்படிச் சிரிச்சு. சொல்ல மனசு வரல. இப்ப அடுப்படியில நின்னு அழுதுட்டுத்தான் வரேன்." தாள்களை என் மடியில் வைத்தார். "ஒரு முடிவும் எழுதாத. கொண்டுபோய் அவர்கிட்ட வாசி."

"நானா? படிக்கச் சொல்லிக் கொடுத்துட்டா போதாதா?"

"உன் எழுத்தை அவரால படிக்க முடியாது தம்பி."

8

வாசகரே, மன்னிக்க வேண்டும். இனி வரும் வரிகள் உங்களுக்கல்ல. கீழே போய் வாசிப்பதற்காக எழுதிக்கொண்டவை.

அண்ணா, இதுவரைக்கும் கேட்டுட்ட. திட்டணும்னா அப்புறமா திட்டு. அது ஒன்பது. ஆறு இல்ல. நாங்க மூணு பேரும் பார்த்தோம். போட்டது நான், தெரிஞ்சே புள்ளியைக் கொடுத்ததும் நான். அண்ணியைக் கோவிச்சுக்காத.

நாளைக்குக் காலையில ஏழேகால் வண்டி உன்னோடது. முதல் ஸ்டாப்புலயே பள்ளிக்கூடப் பசங்க ஏறுவாங்கன்னு நீதான் சொல்லுவ.

எனக்குப் பயமா இருக்குண்ணா. இதுக்குக் கீழ நான் எதுவும் எழுதல, தாள் காலி. நீ சொல்லு.